நீட்டிப் படுக்க இடமுள்ள வேனை வாங்குங்கள்

புறக்கோட்டைக்குப் போய் சரக்கு ஏற்றி வராத வியாபாரி எமது ஊரில் குறைவு. கல்முனைக்குடியிலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் வரும். இஷாவைத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, விடியக் கடை திறக்கும் நேரம் கெய்சர் வீதியில் நின்று, பகல் முழுக்க அலைந்து சரக்கு எடுத்து, அன்றிரவே திரும்பி வருவதைத் திறமை என்று நாம் பேசுகிறோம். இரண்டு இரவு கண் விழித்தவன் ஓட்டும் வாகனத்தில் எமது முதல் மட்டுமல்ல, உயிரும் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. முன்பு நான் வாங்கிய முதல் வேன் பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அலோய் வீல், புதிய பெயின்ற், அசையாமல் பூட்டப்பட்ட சொகுசு ஆசனங்கள். ஒரு நோன்புப் பெருநாளைக்கு முந்திய வாரம் சரக்கோடு திரும்பும்போது எங்கும் சரிந்து படுக்க இடமில்லை. 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே' என்று ஓட்டினேன். வெலிக்கந்தைக்குக் கிட்ட கண் அயர்ந்து வேன் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து வாகனத்தைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதில் நீட்டிப் படுக்க முடியுமா என்று பாருங்கள் என்பதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே குறைந்த முதலில் வாங்குகிறவர் அழகுக்குக் காசு கொடுக்காமல், வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் சரக்கின் அளவைக் கணக்குப் பாருங்கள். போகும்போது வேன் வெறுமையாக இருக்கும், யாரும் படுக்கலாம். திரும்பும்போதுதான் சோதனை. சுசுகி எவ்ரி போன்ற சிறிய வேன் 660 சீசீ இயந்திரம் கொண்டது, நீளம் 3.4 மீற்றருக்குள். ஜப்பானில் இவ்வகை வேனுக்கு அனுமதித்த ஆகக்கூடிய சுமையே 350 கிலோ. எரிபொருள் செலவு குறைவு, ஆனால் சரக்கை நிரப்பினால் படுக்க இடமில்லை. இதை வாங்குகிறவர் பாரமான சரக்கை லொறியில் அனுப்பிவிட்டு, கைச்சரக்கோடு மட்டும் திரும்ப வேண்டும். சரக்கும் வேண்டும், படுக்கையும் வேண்டும் என்பவருக்கு டொயோட்டா ஹயஸ், நிசான் கரவன் போன்ற பெரிய வேன்தான் பொருத்தம். நாம் 'டொல்பின்' என்று சொல்லும் 1989இல் வந்த ஹயஸ் உருவம் பழையதானாலும், அதற்கு வேலை தெரிந்த கராஜ்காரர்கள் எமது பகுதியில் இருக்கிறார்கள். பின்னால் சரக்கை அடுக்கி, ஒரு பக்கம் இரண்டடி அகலத்தில் ஆறடி நீளம் விட்டால் போதும். மாதத்தில் ஒரு தடவை மட்டும் போகிறவருக்கோ வேனே தேவையில்லை. இரவு பஸ்ஸில் போய், சரக்கை லொறியில் போட்டுவிட்டு வருவதுதான் அவருக்கு இலாபம்.

வேன் பார்க்கப் போகும்போது அளவு நாடா ஒன்றைக் கொண்டு போங்கள். ஆசனத்தை மடித்து, விற்பவரின் முற்றத்திலேயே உள்ளே படுத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சில வாகனங்களில் ஆசனம் மடிந்தாலும் நடுவில் மேடு நிற்கும், முதுகு அதில் தூங்காது. ஆசனத்தைக் கழற்றி மாற்ற நினைப்பவர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டே கை வைக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் இரட்டைப் பாவனை வாகனம் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒப்பமிட்ட திறந்த பத்திரத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். லீசிங் மீதி உள்ளதா என்று கேட்டு அறியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு விலைக்கு வரக்கூடும். ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே நிற்கும். தரை விரிப்பைத் தூக்கி, ஆசனத்தின் அடி ஆணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். எமது கடற்கரை ஊர்களில் ஓடிய வேனுக்கு உப்புக் காற்றே போதும், அடித்தகடு உக்கியிருக்கலாம். கராஜில் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்பதை நாம் சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள்.

வேனில் தூங்குவதற்கும் ஒழுங்கு உண்டு. ஏசிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு ஒருபோதும் தூங்கக்கூடாது. புகைக்குழாயில் ஒரு சிறு துளை இருந்தாலும் காபன் மொனொக்சைட்டு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழும்பமாட்டார். ஹயஸ் போன்ற வேன்களில் இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் இதில் இன்னும் கவனம் தேவை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் நாலு விரல் அளவு இறக்கி, நுளம்பு வலைத் துண்டைக் கட்டிவிட்டால் காற்றும் வரும், டெங்கு நுளம்பும் வராது. நிறுத்துவதற்குப் பள்ளிவாசல் வளவு, வெளிச்சமுள்ள எரிபொருள் நிலையம் போன்ற இடத்தை அனுமதி கேட்டுத் தெரிவு செய்யுங்கள். மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையில் வீதியோரம் நிறுத்த வேண்டாம், அது யானை நடமாடும் பாதை.

இரண்டு மணித்தியாலம் தூங்கினால் கடை திறக்கப் பிந்துமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், பிந்தும். ஆனால் கடை பிந்தித் திறப்பதால் போகும் வியாபாரத்தை அடுத்த நாள் பிடிக்கலாம். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வாப்பாவை அப்படி மீட்டுக் கொடுக்க முடியாது. ஆகவே அடுத்த வேனைப் பார்க்கும்போது அலோய் வீலைப் பார்க்கும் முன் உள்ளே ஏறிப் படுத்துப் பாருங்கள். சுபஹ் தொழுதுவிட்டுத் தெளிந்த கண்ணோடு ஊர் வந்து சேரலாம், இன்ஷா அல்லாஹ்.