தரவு தந்தவர்களின் பெயர் எங்கே?

"ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு ஏனடி புரதமும் கலமும்?" என்று அறைத் தோழி கேட்டாள். நான் வாசித்துக்கொண்டிருந்தது ஈ-கட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புரதத்தின் கதைக்குள் எங்கட பீடத்துக்கான கேள்வி ஒன்று இருக்கு.

முதல்ல புரதம். எங்கட தோல், இரைப்பையின் உட்சுவர், மார்பகச் சுரப்பி எல்லாம் கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட படைகள். ஒரு கலத்தின் ஈ-கட்ஹெரின் பக்கத்துக் கலத்தின் ஈ-கட்ஹெரினைப் பிடித்துக்கொள்ளும். கல்சியம் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். 1980களில் ஜப்பானிய விஞ்ஞானி மசதொஷி தகெய்ச்சி இந்தப் புரதக் குடும்பத்துக்குக் கட்ஹெரின் என்று பெயர் வைத்ததும் அந்தக் கல்சியத்தை வைத்துத்தான். பிடி விட்டுப்போனால் கலங்கள் தனித்தனியாகக் கழன்று பரவத் தொடங்கலாம். புற்றுநோயில் நடக்கிற முக்கியமான விசயங்களில் இதுவும் ஒன்று.

இனி நியூசிலாந்துக்கு வருவம். அங்கே ஒரு மாவோரிக் குடும்பத்தில் சுமார் முப்பது வருடங்களுக்குள் 25 பேர் வரை இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்கள். அதில் இளம் வயதினரும் அடக்கம். சாபம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் அந்தக் குடும்பத்தவர்களே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பரி கில்ஃபோர்ட் குழுவோடு சேர்ந்து காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள். யார் யாருக்குப் பிறந்தது, யார் எதனால் இறந்தது என்பதெல்லாம் அவர்களின் வம்சாவளி அறிவில் இருந்தது. அது இல்லாமல் ஆய்வுகூடம் மட்டும் எதைத் தேடியிருக்கும்?

1998இல் விடை வந்தது. ஈ-கட்ஹெரினை உருவாக்கும் பரம்பரை அலகில் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது வீத வாய்ப்பு. இந்தப் புற்றுநோய் கட்டியாகத் திரளாது. கலங்கள் தனித்தனியாகச் சுவருக்குள் பரவுவதால் கமரா விட்டுப் பார்த்தாலும் ஆரம்பத்தில் தப்பிவிடும். அதனால்தான் பிழை உள்ள பலர், வருத்தம் தெரிய முதலே முழு இரைப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் கூடுது. லேசான முடிவு இல்லை. ஆனால் சாபத்துக்கு முன்னால் சும்மா இருந்த குடும்பத்துக்கு முடிவெடுக்கிற உரிமை கிடைத்தது.

என்னை நிப்பாட்டின விசயம் வேற. நேச்சர் சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் குடும்பத்தவர்களின் பெயர்களும் இருக்கு. அவர்கள் வெறும் மாதிரிகளாக நிற்கவில்லை, எழுதினவர்களாக நிற்கிறார்கள்.

போன வருடம் களவேலைக்குப் போன இடத்தில் ஒரு அம்மா தேத்தண்ணி தந்து, இரண்டு மணித்தியாலம் கதைத்து, கடைசியில் கேட்டா: "பிள்ளை, இதை எழுதி என்ன செய்யப்போறியள்? போன முறை வந்த பிள்ளையளும் எழுதிக்கொண்டுதான் போனவை." என்னட்டப் பதில் இல்லை. என்ட அறிக்கையில் அவ "பதிலளித்தவர் 7".

பெயர் போடுவது ஆபத்து என்று சொல்லுவினம். எங்கட ஊரில் அது உண்மையான பயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பெயரை மறைப்பதா போடுவதா என்று அவவைக் கேட்காமல் நாங்களே முடிவெடுத்ததுதான் பிழை. பாதுகாப்புக்காக மறைக்கிறம் என்று சொல்லிக்கொண்டு, எழுதினதைத் திருப்பிக் காட்டாமலும் விடுறம். அதுக்கு எந்த ஆபத்தும் காரணம் இல்லை, சோம்பல்தான்.

ஆய்வுக்கட்டுரை எழுதப்போற ஆக்களுக்குச் சொல்லுறன்: முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாவது எழுதி, தந்தவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவம். பிழை என்றால் திருத்தச் சொல்லுவம். பெயர் வேணுமா என்று கேட்பம். அந்த அம்மாட்ட நான் இன்னும் போகேல்ல. இந்த விடுமுறைக்குப் போறன்.