சிவப்பு மையில் நாங்கள் எழுதியவை

'வகுப்பில் அடங்கி உட்காருவதில்லை.' 'பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான்.' 'பெற்றோர் நேரில் வந்து பார்க்கவும்.' ஆசிரியர்களாகிய நாங்கள் பள்ளி டைரியில் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் எழுதிவருகிறோம். இந்த டைரியோடு ஒரு தாய் மருத்துவரிடம் போனால், அவருக்கு இதில் ஒரு வரியும் உதவாது. எல்லாம் தீர்ப்பு, தகவல் ஒன்றுமில்லை.

ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை என்றால் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பார்கள். மற்றபடி குழந்தையைப் பார்ப்பதும், அதனோடு இருப்பவர்களைக் கேட்பதும்தான். நம் நாட்டில் பயன்படும் 'ஐசா' அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா, வழக்கம் மாறினால் கலங்கிப்போகிறானா, சத்தத்தைத் தாங்குகிறானா என்றெல்லாம் அதில் வரும். இவை அத்தனையையும் தினம் ஐந்தாறு மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

பார்த்தோம், எழுதவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவன் காதைப் பொத்திக்கொள்வதை வகுப்பே கண்டு சிரித்தது. பி.இ.டி. சார் வராததால் விளையாட்டு பீரியடில் கணக்கு நடத்திய நாளில்தான் அவன் கடித்தான். கடித்ததை டைரியில் ஏற்றினோம். பீரியடை மாற்றியதை ஏற்றவில்லை. எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கினான் என்று நாலு வரி இருந்திருந்தால் மதிப்பீடு செய்பவருக்கு அது பெரிய உதவி. அந்த நாலு வரிக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். அதே பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் தேநீர் நேரம் முழுக்கப் பேச நேரம் இருந்தது. 'ஆட்டிசமா இருக்குமோ' என்ற கிசுகிசுகூட அங்கே எழும். அது வீட்டாரின் காதுக்கு மட்டும் போகாது.

வீட்டாருக்கு நாங்கள் வைத்திருந்தது வேறு. "செல்லம் ஜாஸ்தியோ?" "செல்போனைக் கையில கொடுத்துடுறீங்களா?" "நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?" கேள்வி எப்போதும் அம்மாவுக்குத்தான், அப்பா வந்திருந்தாலும் அம்மாவுக்குத்தான். அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் வந்த புத்தகத்தில் பாசமில்லாத தாயைக் காரணம் காட்டினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் இது உடலியல் சார்ந்தது என்று வாதாடி எழுதியிருந்தார். தாயைப் பழிக்கும் கதை பிறகு கைவிடப்பட்டது. அதைப் படிக்காமலேயே நாங்கள் அதன் இன்னொரு பதிப்பைத் தயாரித்துவிட்டோம்: அங்கே பாசம் குறைந்தவள் குற்றவாளி, இங்கே பாசம் கூடியவள்.

இதற்கு நேர் எதிராகவும் பேசியிருக்கிறோம். "டீச்சர், டாக்டர்கிட்ட காட்டட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்ட தாயிடம், "அதெல்லாம் வேணாம்மா, ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், வளர்ந்தா சரியாப் போயிடும்" என்றோம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னோம். பல குழந்தைகளிடம் இரண்டு வயதிலேயே அனுபவமுள்ளவர் கண்டறிய முடிகிற நிலை இது. பரவலாகப் பயன்படும் எம்-சாட் கேள்வித்தாளே 16 மாதம் முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கானது. எல்.கே.ஜி. வாசலுக்கு வரும்போதே அந்த வயது கடந்துவிட்டது. அதற்கு மேலும் இரண்டு மூன்று ஆண்டுகளை எங்கள் ஆறுதல் எடுத்துக்கொண்டது.

2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வரும். சொத்தைப் பல், ரத்தசோகை, மங்கலான பார்வை என்று பெயர்களை அடுக்கிக் கொடுத்தோம். வளர்ச்சியில் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியதுதான். அதற்கு மேல் பார்க்க மாவட்டத்தில் இடையீட்டு மையமும் இருக்கிறது. ஆனால் இவன் பெயரைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. இவனுக்கு நோயா என்ன, சேட்டைதானே!

தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் எங்களில் பலருக்கு இன்னொரு கலையும் தெரியும். தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே நாங்கள் யாரையும் வெளியேற்றுவதில்லை. 'சொந்தக் காரணங்களுக்காக டி.சி. வேண்டுகிறேன்' என்று பெற்றோர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறோம். வாசகம்கூட நாங்கள் சொல்லிக்கொடுப்பதுதான்.

முரண்டு பிடிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. காது மந்தமாக இருக்கலாம், எழுத்துக்கூட்டுவதில் சிக்கல் இருக்கலாம், வீட்டில் அடி உதை நடக்கலாம், கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் இருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அந்தத் தகுதி உள்ளவரிடம் அனுப்பாமல் வைத்திருந்ததுதான் கணக்கில் வரவேண்டியது.

கணக்கில் வராதவர்களும் உண்டு. வரிசை கலைக்காத, எதிர்த்துப் பேசாத சில பெண் குழந்தைகள். பக்கத்துத் தோழி சிரித்தால் சிரித்து, எழுந்தால் எழுந்து, பார்த்துப் பார்த்து நாளை ஓட்டிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடித்து அழுகிறவர்கள். இவர்களுக்கு நாங்கள் நன்னடத்தைப் பரிசு கொடுத்தோம். "இங்க நல்லாத்தானே இருக்கா, உங்க வீட்டுலதான் ஏதோ பிரச்சினை" என்று அந்த அம்மாக்களையும் திருப்பி அனுப்பினோம்.