ஜிபி கேட்கிறம், மில்லிசெக்கன் கேட்கிறதில்லை

வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடைக்கோ கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் நிலையத்துக்கோ இணையத்தளம் செய்து குடுக்கிற எங்கட ஆக்கள், ஹோஸ்டிங் வாங்கேக்க கேட்கிறது இவ்வளவுதான்: எத்தனை ஜிபி ரேம், எத்தனை ஜிபி டிஸ்க், மாதம் எவ்வளவு? கொஞ்சம் விபரம் தெரிந்தவர் என்றால் சேர்வர் மும்பையிலா சிங்கப்பூரிலா என்றும் கேட்பார். டிஸ்க் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

சாரிக்கடையையே எடுங்கோ. மேல்மாடி ஸ்டோருக்குப் போற தம்பி ஒரே தடவையில் ஐம்பது சாரி தூக்கிக்கொண்டு வருவான். ஆனால் கவுண்டரில் நிற்கிற அக்கா "இதில பச்சை இருக்கா?" என்று கேட்டு, அது வந்த பிறகு "கரை சின்னதா இருக்கா?" என்று கேட்டால், ஒவ்வொரு தரமும் அவன் படி ஏறி இறங்கத்தான் வேணும். அந்த நேரம்தான் லேட்டன்சி. விளம்பரத்தில் போடுற "செக்கனுக்கு இத்தனை எம்பி" ஐம்பது சாரிக் கணக்கு. டேட்டாபேஸோ அந்த அக்காவைப்போலத்தான் கேட்கும்.

ஒரு பக்கம் திறக்க, ஒன்றன்பின் ஒன்றாக 40 தரம் டிஸ்கை வாசிக்க வேண்டியிருக்கு என்று வையுங்கோ. 7200 ஆர்பிஎம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிசெக்கன். தலை நகர்கிற நேரமும் சேர்த்தால் ஒரு வாசிப்புக்கு சுமார் 12. நாற்பதுக்கு அரைச் செக்கன் போச்சு. நல்ல என்விஎம்இ டிஸ்கில் ஒரு வாசிப்பு 0.1 மில்லிசெக்கன் அளவுதான். நாற்பதும் 4 மில்லிசெக்கனில் முடியும். இனி மும்பையா சிங்கப்பூரா சண்டையைப் பாருங்கோ. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் மும்பை சுமார் 1,500 கிலோமீற்றர், சிங்கப்பூர் 2,700. ஒளி இழைக்குள் போய்வர குறைந்தது 15, 27 மில்லிசெக்கன். கேபிள் நேராகப் போறதில்லை, அதனால் நிஜத்தில் கூடும். ஆனாலும் அந்த 12 மில்லிசெக்கன் வித்தியாசம் பழைய டிஸ்கின் ஒரேயொரு வாசிப்பு!

"எல்லாம் ரேமுக்குள்ளதானே இருக்கு" என்பீர்கள். பாதி சரி. மைஎஸ்கியூஎல் தன் தரவை வைத்திருக்க வழமையாக எடுக்கிற ரேம் 128 எம்பி மட்டும், நீங்கள் கூட்டிவிட்டால் ஒழிய. எழுதுகிற வேலைக்கு அதுவும் உதவாது. ஒரு ஓடரோ பதிவோ டிஸ்கில் உட்கார்ந்த பிறகுதான் டேட்டாபேஸ் "சரி" சொல்லும்.

எனக்கு ஆகக் கோபம் வாறது பரீட்சை முடிவு வாற நாளில்தான். கிளவுட் டிஸ்க் பெரும்பாலும் மெஷினுக்குள் இல்லை, நெட்வேர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கு. அமேசானின் பழைய ஜிபி2 வகையில் 20 ஜிபி டிஸ்க் எடுத்தால், அதன் நிரந்தர அளவு செக்கனுக்கு 100 வாசிப்பு-எழுத்து மட்டும். சேமித்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை ஓடும். கிரெடிட் முழுதாக இருந்தாலும் அந்த வேகத்தில் அரை மணித்தியாலம்தான். டியூஷன் தளத்துக்குப் பிள்ளைகள் குவிகிற நேரம் முதல் அரை மணி பறக்கும், பிறகு படுக்கும். சிபியூ சும்மா இருக்கும், ரேம் மிச்சம் இருக்கும். இருந்தாலும் எங்கட ஆக்கள் செய்வது பெரிய சிபியூவுக்கு மாறுவது. பில் டொலரில் வரும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறினதை மறந்திட்டமா?

மெஷினோடு ஒட்டின லோக்கல் என்விஎம்இதான் ஆக வேகம். ஆனால் கிளவுட்டில் மெஷினை நிறுத்தினால் அதில் இருந்தது போய்விடும். பேக்கப் இல்லாமல் அதில் டேட்டாபேஸ் வைக்க நினைக்கிறவர்கள், 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில் மூன்று மாதத்துக்குக் கிட்டிய அரச மின்னஞ்சல்கள் போனதை ஒருக்கால் நினைக்கட்டும்.

உங்கட சேர்வரில் 'டாப்' அடித்து, சிபியூ வரியில் 'டபிள்யூஏ' என்ற எண்ணைப் பாருங்கோ. டிஸ்குக்காகக் காத்திருந்த நேரம் அது. பிறகு 'ஐஓபிங்' ஓடவிட்டு, சராசரியை விட்டிட்டு ஆகக் கூடின எண்ணைப் பாருங்கோ. ஜிபி2இல் இருக்கிறவர்கள் 2020 டிசம்பரில் வந்த ஜிபி3க்கு மாறலாம்: எந்த அளவு டிஸ்குக்கும் 3,000 நிரந்தரம், ஜிபிக்கு விலையும் குறைவு. மெஷினை நிறுத்தவும் தேவையில்லை, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மாற்றத்தைத் தொடக்கி விடலாம்.