மகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்



போவன்பள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பது தெரிந்ததும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்திருக்கிறார். கடைசியில் வாயைத் திறந்தபோது, "எனக்கு ஒரு வருஷமாவே தெரியும்மா" என்றாளாம் மகள். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி அப்பா கொடுத்த போனில் வந்து விழுந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்திருக்கிறாள். அம்மா தாங்கமாட்டாளே என்று மூடி வைத்திருக்கிறாள். கணக்கில் மார்க் குறைகிறது என்று அந்த வருஷம் முழுக்கத் திட்டு வாங்கியதும் அவள்தான்.

சிலப்பதிகாரத்தில் மனைவி கண்ணகியை விட்டு மாதவியிடம் போன கோவலன் செய்தது சரியா என்று பட்டிமன்றத்தில் பேசிப் பேசி மைக் தேய்ந்துவிட்டது. கண்ணகிக்கு ஒரு அணி, மாதவிக்கு ஒரு அணி. கோவலன், மாதவி இருவரின் மகள் மணிமேகலை பக்கம் பேச ஆள் குறைவு. சீத்தலைச் சாத்தனார் மட்டும் அந்த மகளை நடுவில் நிறுத்தி ஒரு காப்பியமே எழுதினார். மாதவி தன் தோழி வசந்தமாலையிடம் பழைய கதையைப் பேசுகிறாள். பக்கத்தில் மாலை தொடுத்துக்கொண்டிருக்கும் மணிமேகலையின் காதில் அது விழுகிறது. அழுகிறாள், கண்ணீர் பட்டு மாலை பாழாகிறது. யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் பல வீடுகளில் மகளுக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

தெரிந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். "அம்மாகிட்ட சொல்லிடாதடா செல்லம்" என்று அப்பா அவளைக் கூட்டு சேர்க்கிறார். "அப்பா போனைக் கொஞ்சம் பாரு" என்று அம்மா அவளை வேவு பார்க்க அனுப்புகிறாள். தவறியது அம்மா என்றாலோ, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று பாட்டியும் அத்தையும் பெண்ணையே குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். ஆண்களை எப்படி நம்புவது, தன்னை எப்படி மதிப்பது என்று ஒரு பெண் மனதுக்குள் கணக்குப் போடும் வயது அது. ஒருத்தி எந்தப் பையனையும் நம்பமாட்டாள். இன்னொருத்தி, அன்பாக யார் இரண்டு வார்த்தை பேசினாலும் பின்னால் போய்விடுவாள். வேறொருத்தி பதினைந்து வயதிலேயே அம்மாவுக்கு அம்மாவாகிவிடுவாள். இந்த மூன்றாவது பெண்ணை ஊரே மெச்சும். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை.

2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது. அதன்பின் மணம் மீறிய உறவு குற்றமல்ல, விவாகரத்துக்கு ஒரு காரணம். 2023இல் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: மனைவியின் நடத்தையில் கணவனுக்குச் சந்தேகம் என்பதற்காக, குழந்தைக்கு டிஎன்ஏ சோதனை செய்ய எடுத்த எடுப்பில் உத்தரவிடக் கூடாது. பெரியவர்கள் வழக்குக்குப் பிள்ளையை ஆதாரமாக்காதே என்று நீதிபதிகளுக்கே தோன்றியிருக்கிறது. வீட்டில் நமக்குத் தோன்ற வேண்டாமா?

வாசகியின் கேள்வி, "மகள் அப்பாவோடு பேசுவதில்லை, பேசச் சொல்லலாமா?" என்பது. வற்புறுத்தாதீர்கள் அம்மா, தடுக்கவும் செய்யாதீர்கள். அவளிடம் முதலில் பேசவேண்டியவர் அப்பாதான். "தப்பு என்னுடையது, உனக்கோ உன் படிப்புக்கோ இதில் சம்பந்தமில்லை" என்று அவர் வாயால் அவள் கேட்கட்டும். விவரமெல்லாம் வேண்டாம். நீங்கள் அழுவதற்கு அக்கா, தங்கை, தோழி என்று வேறு மடி தேடிக்கொள்ளுங்கள்.

வெளியாளிடம் பேசினால்தான் சில பெண்களுக்கு மனசு திறக்கும். மனநல உதவிக்கான 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இரண்டு எண்களையும் உங்கள் பெண்ணின் போனில் இன்றைக்கே போட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்