கழற்றச் சொல்லாதீர்கள் அந்தச் சட்டையை!

"35 சதவீத தீக்காயத்துடன் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மாஜிஸ்திரேட்டு வாக்குமூலம் வாங்கினார். போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள்."

இப்படி ஒரு செய்தி வரும். ஆள் இறந்து போனால் மறுநாள் இன்னும் 4 வரி வரும். பிழைத்து விட்டால்? செய்தி கிடையாது! பிழைத்தவர் வீட்டுக்குப் போகிறார். போலீசுக்கும் வேலை முடிந்தது, பத்திரிகைக்கும் வேலை முடிந்தது. அவருக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

பஸ்சில் சில பேரைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் இருந்து மணிக்கட்டு வரை தோல் நிறத்தில் உடம்பைப் பிடித்த சட்டை. கையில் உறை. சிலருக்கு முகத்திலும் மூடி. கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை. அக்னி நட்சத்திர வெயிலில் இது என்ன வேஷம் என்று பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறார். ஒரு அம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக் கொள்கிறார்.

வேஷம் அல்ல அய்யா, வைத்தியம்!

டாக்டர்கள் இதை 'பிரஷர் கார்மெண்ட்' என்கிறார்கள். நாம் இறுக்குச் சட்டை என்று வைத்துக் கொள்வோம்.

உள்ளே நடக்கும் ரகளை

தீக்காயம் ஆழமாக இருந்தால் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய தோல் பிடித்து, புண் மூடி, கட்டுப் பிரித்ததும் "ஆறிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். மேலேதான் ஆறி இருக்கிறது. உள்ளே உடம்பு புண்ணை அடைக்கும் நாரை அளவு தெரியாமல் நெய்து கொண்டே இருக்கிறது. சில வாரங்களில் தழும்பு சிவக்கிறது, தடிக்கிறது, கயிறு போலப் புடைக்கிறது. அரிப்போ தாங்க முடியாது. தோல் சுருங்கினால் தாடை நெஞ்சோடு இழுபடும். முழங்கை மடங்கியபடியே நின்று விடும். இந்த ரகளை அடங்க ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம்.

அந்தக் காலம் முழுக்க தழும்பை அழுத்திப் பிடித்திருப்பதுதான் சட்டையின் வேலை. பி.பி. பார்க்கும் பாதரசக் கணக்கில் சொன்னால் சுமார் 25 மில்லிமீட்டர் அழுத்தம். ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குளிக்க, எண்ணெயோ களிம்போ தடவித் தேய்க்க ஒரு மணி நேரம். தூங்கும்போதும் கழற்றக் கூடாது.

இதன் பூர்வீகம் சுவாரசியமானது. அமெரிக்காவில் டொலிடோ என்ற ஊரில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்று ஒரு என்ஜினீயர். காலில் நரம்பு சுருட்டிக் கொண்டு அவதிப்பட்டார். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் கால் சுகமாக இருந்தது. தண்ணீரின் அழுத்தம்தான் காரணம் என்று பிடித்துக் கொண்டார். கணுக்காலில் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950-ஐ ஒட்டிச் செய்தார். 1970-களின் தொடக்கத்தில் டெக்சாசில் கால்வெஸ்டன் நகரத்துக் குழந்தைகள் தீக்காய ஆஸ்பத்திரி டாக்டர்கள், அழுத்தம் பட்ட இடத்தில் தழும்பு தணிவதைக் கண்டு எழுதினார்கள். அதில் இருந்து உலகம் பூராவும் பரவியது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைப்பதில்லை. எவ்வளவு பலன் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களிடையே இன்னமும் வாதம் உண்டு. சட்டை மட்டும் போதாது. மூட்டு மடங்காமல் தடுக்கும் பட்டையும் தினசரி பயிற்சியும் கூடவே வேண்டும். ஆனால் ஒன்று, தழும்பு சிவப்பாக இருக்கும்போது போட்டால்தான் உண்டு. வெளுத்து இறுகிய பிறகு எடுத்து மாட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. "வெயில் போகட்டும், ஐப்பசியில் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சு இங்கே செல்லாது!

பணக்கார இறுக்கு, ஏழை இறுக்கு

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் செய்து கொள்கிறவர்களுக்கும் இறுக்கு உடுப்பு உண்டு. வீக்கம் வடிய சில வாரம் போட்டால் போதும். ஏ.சி. அறையில் படுத்துக் கொண்டே போட்டு விடலாம். குறை சொல்லவில்லை, அது அவரவர் காசு. ஆனால் கொதி எண்ணெய் கொட்டிய பரோட்டா மாஸ்டரும் பட்டாசு ஆலையில் வெந்த பெண்ணும் ஒரு வருஷம் போட வேண்டும். தகரக் கூரை வீட்டில், கரண்டு போன ராத்திரியில்!

கழற்றி விடுகிறார்கள். ஏன் கழற்ற மாட்டார்கள்? வேர்க்கிறது, அரிக்கிறது. கொப்புளம் வருகிறது. "பாவம், எதுக்கு இந்தச் சித்ரவதை, கழட்டிடும்மா" என்று மாமியார் பாசத்தோடு சொல்கிறார். "கஸ்டமர் பயப்படுறாங்க, இதெல்லாம் முடிச்சுட்டு வேலைக்கு வா" என்று முதலாளி சொல்கிறார். பாசமும் கெடுக்கிறது, பயமும் கெடுக்கிறது.

அடுத்தது காசு. ஒன்றை வாங்கிப் போட்டு முடித்துக் கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. ஒன்றைத் துவைத்தால் போட இன்னொன்று வேண்டும். நாடா இழுபட்டுத் தொய்வது போல 2, 3 மாதத்தில் துணியின் பிடி போய் விடும். தொய்ந்த சட்டை வெறும் சட்டைதான். புதிதாக அளவெடுத்துத் தைக்க வேண்டும். குழந்தை என்றால் வளர்கிறது, அதற்கு முன்பே மாற்ற வேண்டும். கூலிக்காரர் வீட்டில் மூன்றாவது சட்டைக்குக் காசு எங்கே இருந்து வரும்?

பிளாட்பாரத்தில் விற்கும் இறுக்குப் பனியனை வாங்கி மாட்டிக் கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது! விரல் மரத்துப் போனாலோ, நீலம் பாரித்தாலோ, மூச்சு முட்டினாலோ அழுத்தம் தப்பு என்று அர்த்தம். குழந்தைக்கு முக உறை போட்டால் தாடை வளர்ச்சியை டாக்டர் பார்த்துக் கொண்டே வர வேண்டும். வெந்நீரில் ஊறப் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன? உயிரைக் காப்பாற்ற ராப்பகலாகப் பாடுபடும் டாக்டர்களும் நர்சுகளும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துத் தோல் ஒட்டி விட்டு, சட்டைத் துணிக்குக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்? மாத்திரை சீட்டு மாதிரி இதற்கும் சீட்டு வேண்டும். தழும்பு அடங்கும் வரை இரண்டு இரண்டாக, இலவசமாகத் தர வேண்டும். அளவெடுக்கத் தெரிந்த ஒரு தையல்காரர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் வேண்டும். சிவகாசியில் வெந்தவர் தொய்ந்த சட்டையை மாற்ற ஊர் ஊராகப் பஸ் ஏற வேண்டுமா? முதல் சட்டையைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே, அடுத்த அளவுக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.