உபவாசமும் பழுதான இழைமணிகளும்



உபவாச நாட்கள் நெருங்கும்போதெல்லாம் நம்மில் பலருடைய கைப்பேசிகளில் ஒரு செய்தி வலம் வருகிறது. உண்ணாதிருந்தால் உயிரணுக்கள் தம்மைத் தாமே சுத்திகரிக்கும், முதுமை விலகும், இதற்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்பது அதன் சாரம். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆகையால் அச்செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை இம்மாதம் பார்ப்போம்.

நமது உயிரணுக்களுக்குள் இழைமணிகள், அதாவது மைட்டோகாண்ட்ரியாக்கள், இருக்கின்றன. உண்ட உணவையும் சுவாசித்த பிராணவாயுவையும் கொண்டு சக்தியை உண்டாக்குகிறவை அவையே. (அவற்றுக்கெனத் தனியே 37 மரபணுக்கள் உண்டு, அவை தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகின்றன.) இவ்வேலையினாலேயே அவை நாளடைவில் தேய்கின்றன. பழுதான இழைமணி குறைந்த சக்தியைத் தருவதோடு, அரிக்கும் தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் மிகுதியாகக் கசியவிடுகிறது. அதை அப்படியே விட்டுவைத்தால் அக்கம்பக்கமும் கெடும்.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். உடைந்த வாளியும் நாற்காலியும் அங்கே தரம் பிரிக்கப்பட்டு, நொறுக்கி உருக்கப்பட்டு, மீண்டும் விற்பனைக்குரிய பிளாஸ்டிக் மணிகளாகின்றன. உயிரணுவிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. நல்ல இழைமணி, பிங்க்1 என்னும் புரதத்தை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. மின்னழுத்தம் இழந்த இழைமணியால் அது முடிவதில்லை. ஆகவே பிங்க்1 அதன் வெளிச்சவ்வின்மேல் குவிகிறது. அது பார்கின் என்னும் இன்னொரு புரதத்தை வரவழைக்கிறது. பார்கின் வந்து, கழிக்கவேண்டிய சரக்கின்மேல் சுண்ணாம்புக் கோடு போடுவதுபோல யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டுகிறது. பின்பு இரட்டைச் சவ்வுள்ள பை ஒன்று அந்த இழைமணியைச் சூழ்ந்துகொண்டு, லைசோசோமிடம் சேர்க்கிறது. அங்குள்ள நொதிகள் அதை மூலப்பொருளாக உடைக்கின்றன. இதற்கு மைட்டோபேஜி என்று பெயர்.

பார்கின் மரபணுவை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது, இளவயதிலேயே கைநடுக்கமும் விறைப்பும் கண்ட பார்கின்சன் குடும்பங்களில்தான். பழுதான இழைமணியை நோக்கிப் பார்கின் செல்வதை 2008-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழுவினர் காட்டினர். மூளையின் நரம்பணுக்களும் இருதயத் தசையணுக்களும் புதிதாகப் பிறப்பது அரிது. ஆகையால் குப்பை தேங்கினால் முதலில் வருந்துகிறவை அவை. வயது ஏற ஏற இச்சுத்திகரிப்பு தளர்கிறது. கழிப்பது மட்டுமல்ல, புதியவற்றை உண்டாக்குவதும் தேவை. நம் நகரின் கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விதிதா வைத்யா, உல்லாஸ் கோல்தூர் சீதாராம் ஆகியோரின் குழுவினர், செரட்டோனின் என்னும் பொருள் எலியின் மூளை நரம்பணுக்களில் புதிய இழைமணிகளைப் பெருக்குவதை 2019-இல் வெளியிட்டனர்.

இனி நோபல் பரிசு. 2016-இல் யோஷினோரி ஓசுமி அதைப் பெற்றது உண்மையே. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதரையல்ல, அப்பத்தைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை! பட்டினி கிடந்த ஈஸ்ட் தன் பாகங்களையே உட்கொள்வதை அவர் கண்டார். எலிகளிலும் இது தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் இத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் மனிதனின் ஆயுள் இத்தனை ஆண்டு கூடும் என்று எவரும் நிரூபிக்கவில்லை. உபவாசத்தின் நோக்கம் வேறு. அதை இளமைக்கான வைத்தியமாக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதுளம்பழத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதிலுள்ள பொருளைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் யூரோலித்தின் ஏ ஆக மாற்றுகின்றன. அது புழுக்களின் ஆயுளை 45 சதவீதம் நீட்டித்ததாக 2016-இல் ஓர் ஆய்வு கூறியது. எல்லாருடைய குடலிலும் அந்நுண்ணுயிர்கள் இல்லை. சோலாப்பூர் மாதுளையைப் பழமாகவே உண்ணுங்கள்; விலையுயர்ந்த மாத்திரை வேண்டாம். தசைகளின் இழைமணிகளைப் புதுப்பிப்பதில் உடற்பயிற்சிக்கே நல்ல சான்று உண்டு. மாட்டுங்கா ஐந்து தோட்டங்களைச் சுற்றி நடக்கக் கட்டணமில்லை.

கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்தே. உபவாசத்துக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்று கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டாலோ, அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ, உபவாசத்தை அப்போதே முடித்து, மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.