கடற்காவலும் முன்னாள் வீரர்களும்

முன்னாள் படைவீரர் சங்கத்தார் கடலோரக் காவற்படையின் கப்பல்களையும் நிலையங்களையும் பார்வையிடுவது வெறும் வேடிக்கையென்று கருதுவோர் உண்டு. நாம் அங்ஙனம் கருதவில்லை.

சித்தன்னவாசற் குன்றின்மேல் நிற்பவனுக்குக் கடல் புலப்படாது. ஆயினும் அக்குன்றைக் கொண்ட புதுக்கோட்டை ஜில்லாவின் கீழெல்லை பாக் ஜலசந்தியேயாகும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் 1974-ஆம் வருஷத்து உடன்படிக்கை வகுத்த எல்லையை நினைத்தே வலை வீச வேண்டியிருக்கிறது. எல்லை தாண்டினரென்று இலங்கைக் கடற்படை அவர்களைச் சிறைபிடிப்பதும், படகுகளைப் பறிமுதல் செய்வதும் நாம் நெடுங்காலமாய்க் கேட்டுவரும் துயரச் செய்திகள்.

1977-ல் தோன்றி, 1978-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நிலைபெற்ற காவற்படைக்குக் கள்ளக்கடத்தலைத் தடுப்பது போலவே மீனவரைக் காப்பதும் சட்டம் விதித்த கடமை. மீனவர் கண்ணுக்கோ அது சோதனையிட வரும் அதிகாரமாகவே தோன்றுவதுண்டு. இவ்விலகல் தேசத்துக்கு நன்றன்று. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடி படகைக் கைப்பற்றியே கரையை அணுகினர். கரையோர ஜனங்கள் கண்ணும் காதுமாய் நில்லாவிடில் கப்பல்கள் மட்டும் என் செய்யும்?

படையின் ஒழுங்கையும் கிராமத்தின் மனத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் முன்னாள் வீரர்கள். மண்டபத்து நிலையத்தைக் காணச் செல்வோர் தேநீர் அருந்திப் படம் பிடித்துக்கொண்டு திரும்பலாகாது. அபாய அறிவிப்புக் கருவியின் உபயோகத்தையும், ஆபத்தில் அழைக்க வேண்டிய 1554 என்னும் எண்ணையும் மீனவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். மீனவர் குறைகளை அதிகாரிகளிடம் சேர்ப்பிக்கவும் வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் மீனவர் சிலரைச் சேர்த்தனுப்புவது சர்க்காரின் பொறுப்பு. அக்கப்பல்களை அவர்களே முதலில் பார்த்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.